ஒரு தொகுதி எப்படிப் பிறந்து எப்படி மறைகிறது: ஸ்காபரோ–றூஜ் றிவரின் 19 ஆண்டுகள்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ஸ்காபரோ–றூஜ் றிவர் என்ற பெயரில் ஒரு சட்டமன்றத் தொகுதி 1999 முதல் 2018 வரை இருந்தது. அதன் நிலப்பரப்பு ரொறன்ரோ மாநகரின் வடகிழக்கு மூலையில் இன்றும் அப்படியே கிடக்கிறது. அங்கே குடியிருந்தவர்களும் தொகுதி மறைந்துவிட்டது என்பதற்காக வேறெங்கும் போய்விடவில்லை. அந்த நிலத்தைச் சுற்றி வரைந்திருந்த கோடும், அந்தக் கோட்டுக்கு இட்டிருந்த பெயரும் மட்டும் இல்லாமற்போயின. ஒரு தொகுதியை 'முன்னாள் தொகுதி' என்று சொல்வதன் பொருள் என்ன, அதைத் தோற்றுவிப்பதும் ஒழிப்பதும் யார் கையில் இருக்கின்றன, இடைப்பட்ட காலத்தில் அதற்குள் என்ன நடக்கிறது என்பவற்றை இந்த ஒரு தொகுதியை முன்வைத்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இத்தொகுதியைத் தேர்ந்துகொள்ளக் காரணம் இரண்டு. ஈழத்தமிழர் கனடாவின் தேர்தல் அரசியலுக்குள் நுழைந்த வாசல்களுள் இது முக்கியமானது. அத்துடன், சட்டமன்ற உறுப்பினர்களின் தொகையைக் குறைப்பதற்காகப் பிறந்த இத்தொகுதி, அதே தொகையைக் கூட்டியபோது மறைந்தது. தொகுதி எல்லைகள் எப்படி உருவாகின்றன என்பதை விளங்கிக்கொள்ள இதைவிட வசதியான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

முதலில் அடிப்படையைப் பார்த்துவிடலாம். கனடாவில் வாக்காளர் ஒருவர் ஒரே வீட்டில் இருந்துகொண்டே இரண்டு சட்டவாக்க அவைகளுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கிறார். ஒன்று ஒட்டாவாவில் உள்ள மத்திய நாடாளுமன்றம்; குடிவரவும் பாதுகாப்பும் வெளியுறவும் அதன் பொறுப்பு. மற்றது மாகாணச் சட்டமன்றம்; பாடசாலை, மருத்துவமனை, நெடுஞ்சாலை, நகராட்சிகளுக்கான சட்டம் போன்றவை அதன் கையில் உள்ளன. ஒன்ராறியோவின் சட்டமன்றம் ரொறன்ரோவில் குயின்ஸ் பார்க் என்னும் இடத்தில் கூடுகிறது; அதன் உறுப்பினரை அங்குள்ள தமிழர்கள் எம்.பி.பி. என்றே பேச்சில் குறிப்பிடுவார்கள். இரு அவைகளுக்கும் தனித்தனித் தொகுதி வரைபடங்கள் உண்டு. ஒரு தொகுதிக்கு ஒரே உறுப்பினர். எல்லோரையும்விடக் கூடுதலான வாக்குகள் பெற்றவர், அவை மொத்த வாக்குகளில் பாதியை எட்டாவிட்டாலும், வென்றவர் ஆவார். இலங்கையில் வாக்களித்துப் பழகியவர்கள் இங்கே சற்றுக் கவனமாக இருக்க வேண்டும். அங்கே 'தேர்தல் மாவட்டம்' என்பது பல உறுப்பினர்களை விகிதாசார முறையில் அனுப்பும் பெரிய நிலப்பரப்பு. கனடாவின் சட்டங்களும் தொகுதியைத் தேர்தல் மாவட்டம் என்றே சொல்கின்றன. ஆனால் அது தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தொகுதியைப் போல ஒற்றை உறுப்பினரை மட்டும் அனுப்புவது.

பேச்சுவழக்கில் கனடியர்கள் தொகுதியை 'ரைடிங்' என்பார்கள். குதிரைச் சவாரிக்கும் அதற்கும் தொடர்பில்லை. இங்கிலாந்தின் யோர்க்சயர் மூன்று பகுதிகளாகப் பிரிந்திருந்தது. மூன்றிலொரு பங்கு என்று பொருள்படும் பழைய நோர்ஸ் மொழிச் சொல் திரிந்து, அப்பகுதிகளுக்கு ரைடிங் என்ற பெயர் வந்தது. அவற்றுள் வடக்கு ரைடிங்கின் கடற்கரையில் இருந்த ஊர்தான் முதல் ஸ்காபரோ. ஒன்ராறியோ ஏரிக்கரையின் உயர்ந்த மண் பாறைகளைக் கண்ட எலிசபெத் சிம்கோ, அக்காலத்தில் அந்நிலப்பகுதியை ஆண்ட துணைநிலை ஆளுநரின் மனைவி, அந்த ஆங்கிலேய ஊரின் பாறைகளை நினைத்து இந்தப் பகுதிக்கும் அதே பெயரை 1793 இல் வழங்கினார். ஊரின் பெயரும் தொகுதியைக் குறிக்கும் சொல்லும் ஒரே மாவட்டத்திலிருந்து கடல்கடந்து வந்து இங்கே மறுபடியும் சேர்ந்துகொண்டன என்பது வரலாற்றின் தற்செயல்களில் ஒன்று. பெயரின் பிற்பாதியில் வரும் றூஜ், ஏரியில் வந்து கலக்கும் ஓர் ஆறு. பிரெஞ்சு மொழியில் அச்சொல்லுக்குச் சிவப்பு என்று பொருள். கனடாவில் தனித்தனி இடங்களின் பெயர்களை ஒரே தொகுதிப் பெயரில் சேர்க்கும்போது நடுவே நீண்ட கோடு இடுவது வழக்கம். ஸ்காபரோவுக்கும் றூஜ் றிவருக்கும் இடையில் இருந்தது அத்தகைய கோடே.

தொகுதி பிறப்பதற்கு முன்பு அந்நிலத்தின் பெரும்பகுதி ஸ்காபரோ நோர்த் என்ற மாகாணத் தொகுதியில் இருந்தது. 1963 முதல் 1985 வரை முற்போக்குக் கன்சர்வேட்டிவ் கட்சியின் ரொம் வெல்ஸ் அதன் உறுப்பினராகவும், மாகாணக் கல்வி அமைச்சர் உட்படப் பல பொறுப்புகளிலும் இருந்தார். 1985 தேர்தலில் தொகுதி லிபரல் கட்சியின் அல்வின் கேர்லிங் கைக்கு மாறியது. ஜமேக்காவில் பிறந்த கேர்லிங் அதே ஆண்டில் வீடமைப்பு அமைச்சராகி, ஒன்ராறியோ அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவர் ஆனார். பத்து ஆண்டுகளுக்குப் பிறகு அவர் பெயர் இன்னொரு காரணத்துக்காகவும் பேசப்பட்டது. முதல்வர் மைக் ஹாரிஸின் கன்சர்வேட்டிவ் அரசு, பல சட்டங்களை ஒரே வீச்சில் மாற்றும் 26ஆம் சட்டமூலத்தை 1995 டிசம்பரில் அவசரமாக நிறைவேற்ற முயன்றது. அதை எதிர்த்த கேர்லிங், வாக்கெடுப்பின்போது வாக்களிக்கவும் மறுத்து, வெளியேறவும் மறுத்து, தம் இருக்கையிலேயே அமர்ந்துவிட்டார். அவைக்காவலர் அவரை அணுகாதபடி எதிர்க்கட்சி உறுப்பினர்கள் சூழ்ந்து நிற்க, அவை இரவு முழுவதும் முடங்கியது. அடுத்த ஆண்டில் அதே அரசு கொண்டுவந்த வேறொரு சட்டம் அவருடைய தொகுதியையே வரைபடத்திலிருந்து நீக்கியது. இது பழிவாங்கல் அல்ல. அந்தச் சட்டத்தால் ஆளும்கட்சியினரின் தொகுதிகளும் சேர்த்தே மறைந்தன.

அந்தச் சட்டத்தின் பெயரே அதன் நோக்கத்தை மறைக்காமல் சொன்னது: 'குறைந்த அரசியல்வாதிகள் சட்டம்', 1996. அதுவரை ஒன்ராறியோச் சட்டமன்றத்தில் 130 உறுப்பினர்கள் இருந்தார்கள். தனக்கென வேறாக ஒரு தொகுதி வரைபடம் வைத்துக்கொள்வதை மாகாணம் கைவிட்டு, மத்திய நாடாளுமன்றத் தேர்தலுக்காக ஒன்ராறியோவுக்குள் வரையப்பட்ட 103 தொகுதிகளையும் எல்லையோடும் பெயரோடும் அப்படியே ஏற்றுக்கொண்டது. மத்திய வரைபடத்தில் ஸ்காபரோ–றூஜ் றிவர் என்ற பெயரில் 1988 தேர்தல் முதலே ஒரு தொகுதி இருந்தது. லிபரல் கட்சியின் டெரெக் லீ அதன் உறுப்பினராக இருந்தார். ஆகவே 1999 ஜூன் 3 மாகாணத் தேர்தலில் புதிதாகத் தோன்றிய தொகுதி உண்மையில் ஒட்டாவாவின் வரைபடத்தைப் பார்த்து எடுத்த பிரதி. அந்தப் பகுதியில் ஒரு புதிய தொகுதி வேண்டுமென்று எவரும் கேட்டு அது உருவாகவில்லை.

மூலப்படத்தை யார் வரைகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் குடிசனக் கணக்கெடுப்புக்குப் பிறகு ஒவ்வொரு மாகாணத்துக்கும் மூவர் கொண்ட ஓர் எல்லை ஆணைக்குழு அமைகிறது. 1964 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இம்முறையைக் கொண்டுவந்தது. தலைவர் ஒரு நீதிபதி. அவரை மாகாணத் தலைமை நீதியரசர் நியமிக்கிறார். மற்ற இருவரை நாடாளுமன்றச் சபாநாயகர் நியமிக்கிறார். மாகாணத்தின் மக்கள்தொகையை அதற்குரிய ஆசனங்களால் வகுத்துக் கிடைக்கும் சராசரியிலிருந்து ஒரு தொகுதி, விதிவிலக்கான சூழல் தவிர, 25 சதவீதத்துக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. இந்த எண்ணிக்கை வரம்புக்குள் நின்றுகொண்டு, மக்கள் ஒரு சமூகமாக வாழும் பகுதிகளைச் சிதைக்காமலும், பழைய எல்லைகளைக் கூடியவரை மதித்தும் கோடு வரைய வேண்டும் என்பது விதி. வரைவை வெளியிட்டபின் பொதுமக்கள் கருத்துக் கேட்கும் அமர்வுகளும் உண்டு. ஆளும் கட்சி தனக்கு வாய்ப்பாகக் கோடு கீறிக்கொள்ள முடியாதபடி செய்வதே இந்த ஏற்பாட்டின் சிறப்பு. ஒன்ராறியோ மத்திய வரைபடத்தைப் பின்பற்றத் தொடங்கியதால் அந்தப் பலன் மாகாணத்துக்கும் கிடைத்தது. அதற்கு விலையாக, மாகாணம் தன் தேவைக்கேற்ற வரைபடத்தை வரையும் வாய்ப்பை இழந்தது. வட ஒன்ராறியோ இதைச் சீக்கிரமே உணர்ந்தது. மக்கள் பெருகாத அந்தப் பரந்த நிலம் மத்திய வரைபடத்தில் 10 ஆசனங்களாகச் சுருங்கியபோது, 2007 தேர்தலுக்காக மாகாணம் தனிச்சட்டம் செய்து வடக்குக்கு 11 தொகுதிகளைக் காத்துக்கொடுத்தது. அதனால் சட்டமன்ற ஆசனங்கள் 107 ஆயின.

இனித் தொகுதிக்குள் வருவோம். வடக்கே ரொறன்ரோவையும் மார்க்கத்தையும் பிரிக்கும் ஸ்டீல்ஸ் வீதி, கிழக்கே பிக்கரிங் எல்லை, தெற்கே பெரும்பாலும் 401 நெடுஞ்சாலை என்று தொகுதி விரிந்திருந்தது. மல்வேர்ன், மில்லிக்கன், றூஜ் ஆகிய குடியிருப்புகள் இதற்குள் அடங்கின. தொகுதி பிறப்பதற்கு ஓராண்டு முன்புதான், 1998 ஜனவரி 1 அன்று, ஸ்காபரோ தனி நகரமாக இருப்பது முடிவுக்கு வந்து புதிய ரொறன்ரோ மாநகருடன் இணைக்கப்பட்டிருந்தது. 2000 ஆம் ஆண்டில் மாநகரமும் இதே வரைபடத்தை எடுத்துக்கொண்டு, தன் 22 தொகுதிகளையும் இவ்விரண்டாக வெட்டி 44 வட்டாரங்களாக்கியது. ஸ்காபரோ–றூஜ் றிவரின் இரு பாதிகளும் 41ஆம், 42ஆம் வட்டாரங்கள் ஆயின. இரண்டுக்கும் பெயர் ஸ்காபரோ–றூஜ் றிவர்தான். மத்திய அரசுக்கும் மாகாணத்துக்கும் மாநகரத்துக்கும் ஒரே பெயரில் ஒரே நிலம் என்ற நிலை அன்று ஏற்பட்டது. நாடாளுமன்ற உறுப்பினர் யார், எம்.பி.பி. யார், நகரசபை உறுப்பினர் யார் என்று பலர் குழம்பியதில் வியப்பில்லை. ஆனால் அரசியலில் ஏறிச் செல்ல விரும்பியவர்களுக்கு அது நேராகச் சாத்தி வைத்த ஏணியாகவும் அமைந்தது.

அந்த ஏணியைத் தொகுதியின் உறுப்பினர் பட்டியலிலேயே காணலாம். ஐந்து பொதுத்தேர்தல்கள், இரண்டு இடைத்தேர்தல்கள், மூன்றே உறுப்பினர்கள்: இதுவே 19 ஆண்டுக் கணக்கு. முதலாமவர் கேர்லிங். 1999 இலும் 2003 இலும் வென்ற அவர், லிபரல் கட்சி 2003 இல் ஆட்சியைப் பிடித்தபின் சட்டமன்றத்தின் சபாநாயகர் ஆனார். ஒருகாலத்தில் அவையை இரவு முழுவதும் முடக்கியவர் அவையை ஒழுங்குபடுத்தும் ஆசனத்தில் அமர்ந்தார். 2005 இல் டொமினிக்கன் குடியரசுக்குக் கனடியத் தூதராகச் செல்வதற்காக அவர் பதவி விலக, அந்த ஆண்டு நவம்பர் 24 அன்று நடந்த இடைத்தேர்தலில் அதே கட்சியின் பாஸ் பல்கிசூன் வென்றார். ட்ரினிடாட்டில் பிறந்த பல்கிசூன் அதுவரை 41ஆம் வட்டாரத்தின் நகரசபை உறுப்பினர். 2007, 2011, 2014 தேர்தல்களிலும் அவரே வென்றார். மூன்றாமவரான றேமண்ட் சோ 42ஆம் வட்டாரத்திலிருந்து வந்தவர். அவரைப் பற்றிச் சற்று விரிவாகப் பின்னர் சொல்ல வேண்டும்.

1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து அகதிகளாக வந்த தமிழர்களில் மிகப் பலர் ஸ்காபரோவில் குடியேறினார்கள். தென்னாசியர், சீனர், கரிபியர், பிலிப்பினோக்கள் என்று பல சமூகங்கள் கலந்து வாழ்ந்த இத்தொகுதி, வெள்ளையர் அல்லாதோர் விகிதம் கனடாவிலேயே மிக உயர்ந்திருந்த தொகுதிகளுள் ஒன்று. ஆனால் குடியேறுவதற்கும் வேட்பாளராக நிற்பதற்கும் இடையில் ஒரு தலைமுறைத் தொலைவு இருந்தது. அத்தொலைவு 2011 இல் கடக்கப்பட்டது. டெரெக் லீ 23 ஆண்டுகளுக்குப் பின் ஒதுங்கிக்கொள்ள, அந்த ஆண்டு மே மாதம் நடந்த மத்திய தேர்தலில் புதிய ஜனநாயகக் கட்சியின் ராதிகா சிற்சபைஈசன் இதே பெயருடைய தொகுதியில் வென்று, கனடிய நாடாளுமன்றத்தின் முதல் தமிழ் உறுப்பினர் ஆனார். அவரை மாகாண உறுப்பினர் என்று எழுதுவோர் இன்றும் உண்டு. பெயர் ஒன்றாக இருந்ததால் நேரும் பிழை அது. ஐந்து மாதம் கழித்து வந்த மாகாணத் தேர்தலில் அதே கட்சியின் நீதன் சாண் போட்டியிட்டு, வெற்றி பெற்ற பல்கிசூனுக்கு அடுத்த இடத்தைப் பெற்றார். 2014 இல் மீண்டும் நின்றார். அப்போதும் தொகுதி பல்கிசூனிடமே இருந்தது. ஒரே நிலம், ஒரே வாக்காளர்கள், ஒரே ஆண்டு. ஆயினும் மத்தியில் ஒரு முடிவும் மாகாணத்தில் வேறொரு முடிவும் வந்தன. ஒரு சமூகத்தின் வாக்குகளை எண்ணிப் பார்த்து ஒரு தொகுதியின் தீர்ப்பை முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று நம்புவோர் இந்த ஓராண்டை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

2016 மார்ச்சில் பல்கிசூன் பதவி விலகினார். செப்டம்பர் 1 அன்று இடைத்தேர்தல். லிபரல் கட்சி பிரகல் திருவை நிறுத்தியது. புதிய ஜனநாயகக் கட்சி நீதன் சாணை மூன்றாம் முறையாக நிறுத்தியது. கன்சர்வேட்டிவ் கட்சியின் வேட்பாளர் றேமண்ட் சோ. மூன்று பெரிய கட்சிகளில் இரண்டின் வேட்பாளர்கள் தமிழர்கள், வென்றவரோ மூன்றாமவர். இதைத் தமிழ் வாக்குகள் பிரிந்ததன் விளைவு என்று கூட்டல் கணக்காகப் பார்த்துவிட்டால் கதை முடிந்துவிடும். எனக்கு அது போதுமான விளக்கமாகத் தோன்றவில்லை. கொரியாவில் பிறந்த சோ, 1991 முதல் 25 ஆண்டுகள் நகரசபைகளில் இருந்தவர். இத்தொகுதியின் பெயரில் 1988 மத்திய தேர்தலில் புதிய ஜனநாயகக் கட்சி வேட்பாளராகவும், 2004 இல் கட்சிக்கு வெளியே தனித்தும், 2014 மாகாணத் தேர்தலில் கன்சர்வேட்டிவ் வேட்பாளராகவும் நின்று தோற்றவர். கட்சிக்கொடி மாறியதே தவிர, வாக்காளர் வீட்டுக் கதவுகளைத் தட்டியவர் அதே மனிதர். மாகாண லிபரல் அரசின் புதிய பாலியல் கல்விப் பாடத்திட்டமும் இப்போட்டியில் ஒரு விவாதப் பொருளாயிற்று. அப்பாடத்திட்டத்தை நீக்குவதாகக் கன்சர்வேட்டிவ் தலைவர் பற்றிக் பிரவுனின் கையொப்பத்துடன் தொகுதியில் ஒரு கடிதம் விநியோகிக்கப்பட, சில நாள்களிலேயே அவர் அது தவறு என்று சொல்லிப் பின்வாங்கினார். எல்லாவற்றுக்கும் மேலாக, 1985 முதல் அந்நிலத்தை விடாமல் வைத்திருந்த லிபரல் கட்சி 31 ஆண்டுகளுக்குப் பின் அதை இழந்தது. சோ சட்டமன்றம் சென்றதால் காலியான 42ஆம் வட்டாரத்துக்கு 2017 பெப்ரவரியில் நடந்த இடைத்தேர்தலில் நீதன் சாண் வென்று, ரொறன்ரோ நகரசபையின் முதல் தமிழ் உறுப்பினர் ஆனார். ஏணியில் ஒருவர் ஏற, கீழ்ப்படி இன்னொருவருக்குக் கிடைத்தது.

இவையெல்லாம் நடந்தபோதே தொகுதிக்கு நாள் குறிக்கப்பட்டிருந்தது. மத்திய நாடாளுமன்றம் 2011 இல் நிறைவேற்றிய சட்டத்தால் அதன் ஆசனங்கள் 308இலிருந்து 338 ஆகப் பெருகின. மக்கள் வேகமாகப் பெருகியிருந்த ஒன்ராறியோவின் பங்கு 106இலிருந்து 121 ஆயிற்று. இத்தனை புதிய தொகுதிகள் நுழையும்போது பழையவை தம் இடத்தில் அசையாமல் இருக்க முடியாது. ஒன்றின் கோடு நகர்ந்தால் பக்கத்துத் தொகுதியின் கோடும் நகர்ந்தாக வேண்டும். புதிய மத்திய வரைபடத்தில் ஸ்காபரோ–றூஜ் றிவரின் மேற்குப் பகுதி ஸ்காபரோ நோர்த் என்றும், கிழக்குப் பகுதி தெற்கிலிருந்து வந்த நிலத்துடன் சேர்ந்து ஸ்காபரோ–றூஜ் பார்க் என்றும் ஆயின. மத்தியில் இந்த மாற்றம் 2015 தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. மாகாணம் அதே ஆண்டில் தன் சட்டத்தைத் திருத்தினாலும், அது நடைமுறைக்கு வருவது அடுத்த பொதுத்தேர்தலில்தான். ஒரு தொகுதி சட்டப்படி ஒழிக்கப்பட்ட நாளுக்கும் அது உண்மையில் மறையும் நாளுக்கும் இடையில் இப்படி ஒரு காலம் இருப்பது வழமை. அதுவரை பழைய கோடுகளே செல்லும், இடைத்தேர்தலும் பழைய எல்லைக்குள்ளேயே நடக்கும். ஆகவே 2015 முதல் 2018 வரை மேற்குப் பகுதியில் ஒரே தெருவில் இருந்தவர்கள் ஒட்டாவாவுக்கு ஸ்காபரோ நோர்த்காரர்களாகவும் குயின்ஸ் பார்க்குக்கு ஸ்காபரோ–றூஜ் றிவர்காரர்களாகவும் இருந்தார்கள். 2016 இல் அத்தனை கடுமையாகப் போட்டியிட்டுப் பெற்ற தொகுதி, அடுத்த 21 மாதங்களில் இல்லாமற்போகும் என்பது போட்டியிட்ட எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

2018 ஜூன் 7 தேர்தல் 124 தொகுதிகளில் நடந்தது. தெற்குக்கு மத்திய வரைபடத்தின் 111 தொகுதிகள். வடக்குக்குக் காத்துவைத்த 11 தொகுதிகளோடு, தூர வடக்கின் பழங்குடி மக்களை முன்னிட்டுப் பின்னர் சேர்த்த இரண்டும் கூடி 13. குறைந்த அரசியல்வாதிகள் சட்டம் 130இலிருந்து 103 ஆக்கிய அவை, 19 ஆண்டுகளில் ஏறத்தாழப் பழைய அளவுக்கே திரும்பிவிட்டது. றேமண்ட் சோ ஸ்காபரோ நோர்த்தில் வென்று, முதியோர் நலனுக்கும் அணுகுதிறனுக்குமான அமைச்சர் ஆனார். 1999 இல் நீக்கப்பட்ட தொகுதியின் பெயர் அப்படியாகத் திரும்பி வந்தது, எல்லை மட்டும் பழையது அல்ல. ஸ்காபரோ–றூஜ் பார்க்கில் விஜய் தணிகாசலமும், ஸ்டீல்ஸ் வீதிக்கு அப்பால் மார்க்கம்–தோர்ன்ஹில்லில் லோகன் கணபதியும் கன்சர்வேட்டிவ் வேட்பாளர்களாக வென்று, ஒன்ராறியோச் சட்டமன்றத்தின் முதல் தமிழ் உறுப்பினர்கள் ஆனார்கள். அதே ஆண்டில் மாகாண அரசு ரொறன்ரோ நகரசபையை 25 வட்டாரங்களாகச் சுருக்கி, அவற்றையும் புதிய தொகுதி எல்லைகளோடு பொருத்தியது. 41ஆம், 42ஆம் வட்டாரங்களின் பெயரில் மிஞ்சியிருந்த ஸ்காபரோ–றூஜ் றிவரும் அத்துடன் போய்விட்டது.

அதற்குப் பின்வந்த தொகுதிகளுள் ஒன்றும் ஏற்கெனவே அதே பாதையில் பாதித் தூரம் போய்விட்டது. 2025 ஏப்ரலில் நடந்த மத்திய தேர்தலில் ஸ்காபரோ–றூஜ் பார்க் என்ற பெயரில் தொகுதி இல்லை. எல்லை மாறி, ஸ்காபரோ–கில்ட்வுட்–றூஜ் பார்க் ஆகியிருந்தது. அதே ஆண்டு பெப்ரவரியில் நடந்த மாகாணத் தேர்தலிலோ 2018 இன் 124 தொகுதிகளே இருந்தன. அந்த வரைபடத்தில் ஸ்காபரோ–றூஜ் பார்க் இன்னும் இருக்கிறது.